கட்டடம் திடமாக உள்ளது

திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த வீடு இரண்டு முறை கோர்ட் ஏறியது. முதல் முறை அது இன்றோ நாளையோ விழப்போகிற வீடு. இரண்டாம் முறை இன்னும் ஐம்பது வருஷத்துக்கு அசையாத வீடு. இரண்டு முறையும் அப்படிச் சொன்னவர் என் அப்பாதான். நடுவில் ஒரு செங்கலைக்கூட யாரும் மாற்றவில்லை.

வீட்டுக்காரர் மட்டும் என்னவாம்? முதல் வழக்கில் அரண்மனை என்றார், அடுத்ததில் பாழ்மண்டபம் என்றார். இருவரும் சத்தியப் பிரமாணம் செய்துதான் சொன்னார்கள்.

எல்லாம் 1960-ஆம் வருஷத்துச் சட்டம் செய்த வேலை. கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு என்று நீளமாகப் பெயர். ஊரில் எல்லாருக்கும் 'ரெண்ட் கன்ட்ரோல்'. இரண்டாம் உலக யுத்த காலத்தில் தற்காலிகமாக வந்த கட்டுப்பாடு 1946, 1949 என்று வாய்தா வாங்கி வாங்கி, 1960-ல் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. காலி பண்ணு என்று சொல்வதற்குச் சட்டம் ஒப்புகிற காரணம் ஒன்று வேண்டும்: வேண்டுமென்றே வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்த உபயோகம், இடித்துக் கட்டுதல், இப்படிச் சில. குடித்தனக்காரர் செத்துப்போனால் கூட வசித்த மனைவி மக்கள் குடித்தனக்காரர்கள் ஆகிவிடுவார்கள். வீட்டுக்காரருக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

முதல் வழக்கு நியாய வாடகைக்கு. நாங்கள் கொடுத்துவந்தது 60 ரூபாய். 1973-ல் வந்த திருத்தத்தின்படி மனையின் சந்தை மதிப்பு, கட்டுமானச் செலவில் தேய்மானம் போக மிச்சம், வசதிகளின் மதிப்பு எல்லாவற்றையும் கூட்டி, குடியிருப்பென்றால் வருஷத்துக்கு 9 சதவீதம், கடை என்றால் 12 சதவீதம் வாடகை. சண்டை முழுக்கத் தேய்மானத்தில்தான். வீட்டுக்கு வயது ஏற ஏற வாடகை இறங்கும். ஆகவே வீட்டைத் தன் அப்பா கட்டினார் என்றார் வீட்டுக்காரர். இல்லை, அவருடைய தாத்தா கட்டியது என்றார் என் அப்பா. அவர்கள் வம்சாவளியில் எங்களுக்கு அப்படியொரு அக்கறை. உத்தரம் தேக்கு என்றது ஒரு கட்சி, நாட்டு மரம் என்றது இன்னொரு கட்சி. கொல்லையிலிருந்த ஒற்றை முருங்கை மரம் மனுவில் தோட்டமாகத் தழைத்தது. கடைசியில் 95 ரூபாய் என்று உத்தரவானது. இருவருமே அப்பீல் போனார்கள்.

சில வருஷம் கழித்து வீட்டுக்காரர் அடுத்த ஆர்.சி.ஓ.பி., அதாவது ரெண்ட் கன்ட்ரோல் மனு, போட்டார். இந்தத் தடவை 14(1)(b): கட்டடம் பாழடைந்துவிட்டது, இடித்துக் கட்ட வேண்டும். அப்பாவின் வக்கீல் முதல் வழக்கில் நாங்கள் போட்ட பதில் மனுவை, அந்தப் பழைய கவுண்ட்டரை எடுத்து மேஜைமேல் போட்டு, "இதுல நீங்க எழுதின அத்தனையையும் இப்ப அவர் எழுதியிருக்கார் சார்" என்றார். தேய்மானத்துக்காக நாங்கள் பட்டியலிட்ட விரிசல்கள் எல்லாம் வரிசை மாறாமல் அவர் மனுவில் இருந்தன. அவருடைய தேக்கு உத்தரம் இப்போது எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது.

கோர்ட் நியமித்த கமிஷனர் வீட்டைப் பார்வையிட வருவதற்கு முந்தின நாள் வக்கீல் குமாஸ்தா வந்தார். "ராத்திரிக்குள்ள சுண்ணாம்பு அடிச்சுடுங்க. சுவத்துல ஊறல் தெரியற இடத்துல காலண்டர் மாட்டுங்க" என்றார். எட்டுக் காலண்டர் தேவைப்பட்டது. பக்கத்துப் போர்ஷன்களில் இரவல் வாங்கினோம். எங்கள் கூடத்தில் ஒரே சமயத்தில் நாலு முருகன் இருந்தது அன்றைக்குத்தான்.

கமிஷனர் இளைஞர், கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். கூட ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவர். மரத்தின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் அது. இன்ஜினீயர் ஸ்டூல்மேல் ஏறி உத்தரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். அம்மா கமிஷனருக்குக் கொடுத்திருந்த காப்பியில் பழுப்புத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது.

"பாத்தீங்களா, கரையான்!" என்றார் வீட்டுக்காரர், பிள்ளை பாஸானது மாதிரி முகத்துடன்.

"ஒட்டடை சார்" என்றார் அப்பா.

பிறகு மாடிக்குப் போனார்கள். தளம் அதிர்வதைக் காட்ட வீட்டுக்காரர் தங்குதங்கென்று நடந்து காட்டினார். அவருக்கு அப்போதே அறுபது தாண்டிவிட்டது. முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா பதறிப்போய், "மாமா, அந்தக் கைப்பிடிச் சுவர்கிட்டப் போகாதீங்க, விழுந்துடும்!" என்று கத்தினாள். கமிஷனர் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். அப்பா அம்மாவிடம் அன்று இரவுவரை பேசவில்லை.

இதற்கு நடுவில் வாடகையை வாங்க மாட்டேன் என்றார் வீட்டுக்காரர். அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. எந்த பாங்கில் கட்ட வேண்டும் என்று பத்து நாள் கெடு வைத்து நோட்டீஸ் விட வேண்டும். பதில் இல்லையென்றால் மணியார்டர், அதுவும் மணியார்டர் கமிஷனைக் கழித்துக்கொண்டு. திரும்பி வந்தால் அனுமதி வாங்கிக் கோர்ட்டில் கட்ட வேண்டும். ஒரு படி தவறினாலும் 'வேண்டுமென்றே பாக்கி' என்று அடுத்த மனு வரும். எந்தப் பாக்கி அப்படிப்பட்டது என்று தமிழ்நாட்டு வழக்குகளை வைத்து உச்ச நீதிமன்றமே சுந்தரம் பிள்ளை வழக்கில் 1985-ல் விரிவாக எழுத வேண்டியிருந்தது. காலையில் தபால்காரரிடம் எங்கள் மணியார்டரைத் திருப்பி அனுப்புகிறவர் சாயங்காலம் எங்களிடமே பேப்பர் வாங்கிப்போக வருவார். அவர் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தபோது, "கேஸ் கேஸா இருக்கட்டும் சார், நீங்க முகூர்த்தத்துக்கே வந்துடணும்" என்றார். போனோம். வக்கீல்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டார்கள்.

இடித்துக் கட்டக் கேட்கிற வீட்டுக்காரர், வீடு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்கி மூன்று மாதத்துக்குள் முடிப்பதாகக் கோர்ட்டுக்கு உறுதி எழுதித் தர வேண்டும். இடிப்பதற்கு அத்தனை அவசரம். அந்த உத்தரவுக்கான வழக்கு நடந்த காலத்தில் வீடே பாதி வேலையை முடித்திருந்தது. 60 ரூபாய் வாடகையில் அவர் ரிப்பேர் செய்யவில்லை. செய்தால் எங்கள் வீடு ஆகிவிடாதே என்று நாங்களும் செய்யவில்லை. கோர்ட்டுக்காகச் சுண்ணாம்பு அடித்த அந்த ஒரு ராத்திரிதான் எனக்குத் தெரிந்து அந்த வீடு கண்ட பராமரிப்பு. கடைசியில் தீர்ப்பு ஏதும் வரவில்லை. கோர்ட் வராந்தாவில் பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு, இரு தரப்பும் சேர்ந்து ஜாயின்ட் மெமோ போட்டு, சாமான்களை வண்டியில் ஏற்றினோம். இப்போது அங்கே நாலு மாடி ஃபிளாட்.

2019 பிப்ரவரி 22 முதல் பழைய சட்டம் இல்லை. 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. நியாய வாடகை, 9 சதவீதம், தேய்மானம் எல்லாம் போயிற்று. பேசிக்கொண்ட வாடகைதான் வாடகை. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். எழுத்து இல்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். ரசீதுகூட இல்லாமல் மூன்று தலைமுறையாகக் கடை நடத்தும் தெரிந்தவர் ஒருவர் ஒப்பந்தம் போடத் தயாராகப் போய் நின்றார். கட்டடத்துக்காரர் கையெழுத்துப் போடவில்லை. பிறகு அவரே, ஒப்பந்தம் இல்லை, காலி செய்யட்டும் என்று மனுப் போட்டார். மனு எழுதிய வக்கீலுக்கு வயது முப்பதுகூட இருக்காது. கலை அழியவில்லை.

நான் இப்போது வீட்டுக்காரன். மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட். குடிவர வந்த இளம் தம்பதி இருவரும் சாஃப்ட்வேர். புரோக்கர் பத்து மாத அட்வான்ஸ் என்றார். பையன் செல்போனைத் திறந்து, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று சட்டத்தை வாசித்துக் காட்டினான்.

"முழுசாப் படிங்க தம்பி. வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னாத்தானே அப்படி?" என்றார் புரோக்கர். அவர் சொன்னது சரிதான். தடையும் விலக்கும் ஒரே வாக்கியத்தில் குடித்தனம் நடத்துகின்றன. ஆறு மாதத்துக்கு முடிந்தது.

பதினோரு மாத ஒப்பந்தம், வருஷத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றம், காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடித்தம். எங்கள் திருவல்லிக்கேணி வீட்டுக்காரர் இந்தத் தாளைப் பார்த்திருந்தால் ஃபிரேம் போட்டுப் பூஜையில் வைத்திருப்பார். அந்தப் பெண் ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டு, "கடைசியா எப்ப பெயின்ட் அடிச்சீங்க அங்கிள்?" என்றாள்.

பேனா எழுதவில்லை என்று புரோக்கரிடம் வேறு பேனா கேட்டேன்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய் ஆணி அடித்த ஓட்டைகள், சமையலறைக் கறை, குளியலறைக் கூரையின் ஊறல் எல்லாவற்றையும் படம் எடுத்து, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி எனக்கே வாட்ஸப்பில் அனுப்பினாள். முப்பத்தேழு படம். எல்லாவற்றுக்கும் கீழே நீல டிக் விழுகிறவரை என் எதிரிலேயே நின்றாள்.