முன்கூடத்துப் பிரகாசம்

2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்ட செஞ்சிக் கோட்டையில், ராஜகிரியின் அடிவாரத்தில் நிற்கும் கல்யாண மஹாலைக் கட்டியவர்கள், மின்சாரம் என்னும் மகத்தான சௌகரியத்தை அறியாத பாவத்தினால், அறையைச் சுற்றி வளைவுகள் தாங்கும் தாழ்வாரத்தை மாடிக்கு மாடி அமைத்து, கண்கூசும் வெயிலை அங்கேயே நிறுத்தி, சாந்தமான ஒளியை மட்டும் உள்ளே அனுமதித்துத் திருப்தியடைந்தார்கள். நம் காலத்துக் கல்யாண மண்டபச் சொந்தக்காரர்களுக்கு அத்தகைய தரித்திரம் இல்லை. வெளியிருளிலிருந்து வருபவரின் கண் படிப்படியாகப் பழக வேண்டும், 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் சாயலே மனித முகத்துக்கு இதம் என்றெல்லாம் நிபுணர்கள் சொல்வதைச் சற்றும் பொருட்படுத்தாமல், 6500 கெல்வின் வெள்ளொளியை மெருகேற்றிய கிரானைட் தரையின்மீது கொட்டி, அது மேலிருந்தும் கீழிருந்தும் ஏககாலத்தில் விருந்தாளியைத் தாக்குமாறு முன்கூடத்தை அவர்கள் நிர்மாணிக்கிறார்கள். பன்னீர் தெளிக்கும் பெண்கள் பிரேதக்களையுடன் தோன்றுவதும், கண் கூசிய சம்பந்தி மாப்பிள்ளையின் தகப்பனாரிடமே பந்தி எப்போது என்று சமையற்காரரை விசாரிப்பதுபோல் விசாரிப்பதும் இதன் உபபலன்கள். இத்தனை ஜோதியிலும் அந்தகாரம் குடிகொண்ட ஸ்தலம் ஒன்று உண்டு. அது செருப்பு விடும் மூலை. அங்கே ஒரு பல்பு போடலாமே என்றால், கரண்டு பில் யார் கட்டுவது என்கிறார், தம் தகப்பனார் படத்துக்கு மாத்திரம் மூன்று விளக்குகள் வைத்திருக்கும் முதலாளி.