நீர்க்கணக்கியல்: சூத்திரமும் உரையும்

ஊருணி கண்மாய் தெப்பம் கானலென
நால்வகை நீர்க்கணக்கு நாட்டினர் புலவர்.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், நீரைச் சோதித்து எழுதிய கணக்கை, அது யாருக்குத் திறக்கும், யாருக்குச் சாத்தும் என்பது கொண்டு வகுத்தல் நுதலிற்று. உதாரணம் யாவும் புதுக்கோட்டைச் சீமையது. இத்தனை கண்மாய்களை வைத்துக்கொண்டு வெளியூரில் உதாரணம் தேடுவது உரையாசிரியர்க்கு அழகன்று.

ஊருணிக் கணக்காவது, குடம் கொண்டு வந்தவரெல்லாம் மொள்ளத் தக்கது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களைப் பழக்கிச் சோதனைப் பெட்டி கொடுக்கச் சொல்கிறது அரசு. தண்ணீரில் மருந்து கலந்து, மாறும் நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்த்தால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் பிடிபடும். முடிவு இணையதளத்தில் ஏறுகிறது. தெருக்குழாய்ச் சுவரிலும் எழுதினால் இது முழு ஊருணி. அதுவரை அரை ஊருணி என்க.

கண்மாய்க் கணக்கில் நீர் உண்டு, மடை சாத்தியிருக்கும். தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டால் 30 நாளில் திறந்தாக வேண்டும். திறந்தபின் வருவது கோணலாக ஸ்கேன் செய்த பக்கமாயின் எண் கண்ணுக்குத் தெரியும், கணினியில் கூட்ட வராது. இதனைக் கடைமடைச் சேறு என்று உட்பிரிவாக்குவர்.

தெப்பக் கணக்கு நாற்புறமும் மதில் உடையது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசுவுக்குத் தீனி கடற்புல். அது தழைக்கத் தண்ணீர் கலங்காமல் இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைப் பற்றிய கட்டுரை சந்தா கட்டிப் படிக்கும் ஆய்விதழில் கிடந்தால், ஆய்வாளரைப் படகில் கொண்டுபோன கோட்டைப்பட்டினத்து மீனவர் அதை வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். ஆய்வை எல்லார்க்கும் திறந்துவிடுங்கள் என்று யுனெஸ்கோ 2021இல் பரிந்துரைத்தது. பரிந்துரை நல்ல சொல்தான். பூட்டு இன்னும் வலிது.

கானலாவது, 'விரைவில்' என்று மட்டும் எழுதிய இணையப் பக்கம். உரை வேண்டா.

அஃதேல், கண்மாய்க்குள் நிற்கும் கல் மதகாகிய குமிழித் தூம்பின் கல்வெட்டு எவ்வகைத்து எனின், ஊருணியே. மதகு செய்து கொடுத்தவர் பெயரை அந்தக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானமும் தன் கல்வெட்டுப் பாடங்களை 1929இல் நூலாக அச்சிட்டது. கல்லைக் கிட்டப்போய் வாசிக்கக் கண்மாய் வற்ற வேண்டும் என்பதொன்றே குறை.

சூத்திரத்துள் அடங்காததும் ஒன்று உண்டு. 2022 டிசம்பரில் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது எந்தச் சோதனைக் கணக்காலும் வெளிப்படவில்லை. குழந்தைகள் நோயில் விழுந்தபின், தொட்டியில் ஏறிப் பார்த்துத்தான் தெரிந்தது.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடும். உங்கள் தொட்டியின் சோதனை முடிவை அங்கே வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.