ஸ்டாஃபில் ஒருவர்

ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார்களில் பெரும்பாலானவர்கள் பென்ஷன் வந்த மாதமே ஆங்கிலத்தை மறந்துவிட்டு, காரிமங்கலம் பக்கம் வாங்கிப்போட்ட மாந்தோப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் ஊருக்கு ஒருவர் மிஞ்சுவார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் சிவப்பு மைப் பேனா. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் கையில் இருக்காது. அது தலைக்குள் ஏறி நாளாகிவிட்டது. தர்மபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம், எங்கே போனாலும் இவரைப் பார்க்கலாம். ஆள்தான் வேறு.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஜென்மப் பகையாக ஒரு பெயர்ச்சொல் உண்டு. 'ஃபர்னிச்சர்ஸ்' என்று கேட்டால் ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். 'அட்வைசஸ்' என்றால் இன்னொருவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். தர்மபுரியில் மிஞ்சிய நம்மவருக்கு வாய்த்தது 'ஸ்டாஃப்'.

சட்டம் எளிது. ஸ்டாஃப் என்றால் ஓரிடத்தில் வேலை பார்க்கும் அத்தனை பேரும் சேர்ந்த கூட்டம். ஒற்றை ஆளை அப்படிச் சொல்லக் கூடாது; 'மெம்பர் ஆஃப் தி ஸ்டாஃப்', அதாவது ஸ்டாஃபில் ஒருவர். 'ஸ்டாஃப்ஸ்' என்றால் பல நிறுவனங்களின் பல கூட்டங்கள், இல்லாவிட்டால் கைத்தடிகள். இதை மீறாமல் தமிழ்நாட்டில் யாரும் ஒரு பொழுதைக்கூட ஓட்டுவதில்லை என்பதுதான் அவருடைய ஆயுள் துக்கம்.

பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். "மேக்ஸ் ஸ்டாஃப் இன்னிக்கு லீவு, அங்கிள்" என்றான்.

"கணக்கு டிபார்ட்மென்ட் மொத்தமுமா? ஸ்ட்ரைக்கா?"

"இல்ல அங்கிள், ஒரு ஸ்டாஃப்தான்."

"ஒரு ஸ்டாஃப் என்று ஒன்று உலகத்தில் கிடையாது!"

பையன் இப்போதெல்லாம் பின்வாசல் வழியாகக் காலேஜுக்குப் போகிறான்.

ஜவுளிக்கடை வாசலில் 'லேடீஸ் ஸ்டாஃப்ஸ் வான்டட்' என்று பலகை தொங்கியது. புத்தகப்படி படித்தால், பெண்களுக்கான கைத்தடிகள் தேவை என்றுகூட அர்த்தம் எடுக்கலாம். உள்ளே நுழைந்து முதலாளியிடம் கால் மணி நேரம் விளக்கினார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொண்ணு என்ன படிச்சிருக்குங்க சார்?" என்றார். மகளுக்கு வேலை கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார் பாவம். பக்கத்திலேயே ஊரின் பெயர் ஒரு பலகையில் 'தருமபுரி' என்றும் அடுத்த பலகையில் 'தர்மபுரி' என்றும் இருந்தது. அது அவர் கண்ணில் படவே இல்லை. தமிழ் அவர் டிபார்ட்மென்ட் கிடையாது.

டீக்கடையில் அவருக்குப் பிடித்த சரித்திரம் தாமஸ் மன்றோ. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து, தர்மபுரியும் சேர்ந்த பாராமகால் சீமை கும்பினியார் கைக்கு வந்ததும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக வந்து, தர்மபுரியில் வீடும் தோட்டமுமாக 1799 வரை வரிக்கணக்குப் பார்த்தவர் மன்றோ. பிற்பாடு சென்னைக்கே கவர்னர் ஆனார். இத்தனையும் சொல்லிவிட்டு நம்மவர் விரலை உயர்த்துவார்: "அப்பேர்ப்பட்ட மன்றோவே ரீடு துரையின் ஸ்டாஃபில் ஒருவர்தான். ஸ்டாஃப் அல்ல!" டீ மாஸ்டர் தலையாட்டுவார். அவருக்கு இதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை.

அரசாங்கமும் அவருக்கு ஒத்தாசையாக இல்லை. மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் ஆணையத்தின் பெயரே ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன். அதில் தேர்வாகி வந்த பழைய மாணவன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "நானும் ஸ்டாஃப் ஆயிட்டேன் சார்" என்றான். ஆசீர்வாதம் அரைமணி நேரம் தள்ளிப்போனது. பெங்களூரில் இருக்கும் இன்னொரு மாணவன், ஸ்டாஃப் என்ற சொல்லுக்குப் பின்னால் அமெரிக்கர்கள் 'இஸ்' போடுவார்கள், 'ஆர்' இல்லை என்று போனில் சொல்லிப் பார்த்தான். இங்கிலாந்துக்காரன் மட்டும் 'ஆர்' என்றுதான் எப்போதும் சொல்கிறானா என்ன, அவனும் சில சமயம் 'இஸ்' போடுகிறவன்தான். நம்மவர் போனை வைத்துவிட்டார்.

ஆனால் அவருடைய உண்மையான போர்க்களம் டவுன் பஸ். அரசு பஸ்ஸில் போக்குவரத்துக் கழக ஊழியர் டிக்கெட் எடுப்பதில்லை. கண்டக்டர் அருகே வந்ததும் 'ஸ்டாஃப்' என்று முணுமுணுத்தால் போதும். அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் என்று இங்கே பெயர் இருந்த காலத்து வழக்கம் இது. 1997இல் அந்தப் பெயர் மாறிய பிறகும் மந்திரம் மாறவில்லை. 2021இலிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது என்பதால், மீசை வைத்த சில வெளியாட்களும் துணிந்து இந்த மந்திரத்தைச் சொல்லிப் பார்ப்பது உண்டு.

அப்படி ஒருநாள், ஜன்னலோரம் இருந்த இளைஞன் "ஸ்டாஃப்" என்றான். கண்டக்டர் நகர்ந்தார். நம்மவர் நகரவில்லை.

"தம்பி, நீங்க ஸ்டாஃபா, இல்ல ஸ்டாஃபில் ஒருத்தரா?"

இளைஞன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். பையில் இருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தான். செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று முடிவுகட்டினான். "சார், மன்னிச்சிருங்க சார், மாமாதான் டிப்போல இருக்காரு" என்று எழுந்து, கண்டக்டரைக் கூப்பிட்டுப் பாலக்கோட்டுக்கு ஒரு டிக்கெட் வாங்கிவிட்டான்.

இலக்கணம் ஜெயித்தது என்று நம்மவருக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை. கண்டக்டர்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். இப்போது அவர் ஏறினாலே வரவேற்பு பலம். "சார், பின்னாடி மூணாவது சீட்டுல ஒரு ஸ்டாஃப் இருக்காரு. கொஞ்சம் கிராமர் கேட்டுட்டு வாங்களேன்" என்பார்கள். 'ஒரு ஸ்டாஃப்' என்றதற்கு முதலில் கண்டக்டரைத் திருத்திவிட்டு, அப்புறம்தான் மூன்றாவது சீட்டுக்குப் போவார்.

இவ்வளவு பேரைத் திருத்தியவரால் திருத்த முடியாத ஒரு ஸ்டாஃப் அவர் வீட்டிலேயே இருக்கிறது. மனைவி, ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். ஒற்றை ஆள், பெயருக்கு முன்னால் ஸ்டாஃப், அரசாங்கமே கொடுத்த பதவிப் பெயர். அது வேறு இலக்கணம், அங்கே அந்தச் சொல் நர்ஸுக்கு அடைமொழியாக நிற்கிறது என்று அவர் சமாதானம் வைத்திருக்கிறார். தெருவில் யாரும் அந்த அடைமொழிக்குப் பின்னால் நர்ஸைச் சேர்ப்பதில்லை. ஸ்டாஃபம்மா வீடு என்றால்தான் ஆட்டோக்காரருக்கே வழி தெரிகிறது.

ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு, காய்ச்சலில் முனகும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, ஸ்டாஃப் இருக்காங்களா?"

"ஸ்டாஃப் எல்லாம் இல்லம்மா" என்றார் நம்மவர், கதவைப் பாதி திறந்தபடி. "ஒருத்தர்தான் இருக்காங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்த ஒருத்தி போதும்மா, நீ உள்ள வா. ஏங்க, வழிய விட்டு நில்லுங்க. தெர்மாமீட்டர் டிவி மேல இருக்கு, எடுத்துட்டு வாங்க."