மனைமாறு திணை: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

தமிழிலக்கணம் நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பூவும் பறவையும் தெய்வமும் வகுத்துக் கொடுத்துவிட்டது. ஆனால் பிரிட்டன் நாட்டுப்புறத்தில் ‘குடும்பத்தோடு வசிக்க உகந்த வீடு’ என்ற பெயரில் விலைக்கு வரும் சில கட்டடங்கள் அந்த ஐந்தில் எதிலும் அடங்குவதாக இல்லை. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம், ரயில் வராத ஸ்டேஷன், பிரசங்கம் நின்றுபோன சர்ச், எதிரி கடைசிவரை வராமலே போன கோட்டை. இவற்றை அடக்க ஆறாவதாக ஒரு திணை தேவைப்படுகிறது. அதற்கு ‘மனைமாறு திணை’ என்று பெயரிட்டு, முதல், கரு, உரி மூன்றையும் வரையறுக்க இக்கட்டுரை முயல்கிறது. இதுவரை யாரும் இதைச் செய்ய முன்வராததற்குத் தக்க காரணம் இருக்கலாம். அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பது எல்லோரும் அறிந்ததே. நிலம்: கென்ட், சஃபோக், கார்ன்வால், வேல்ஸ். பெரும்பொழுது இரண்டு. வாங்குவதற்கு இளவேனில், விற்பதற்கு முன்பனி. முப்பதடி உயரக் கூரைக்குக் கீழே ஒரு டிசம்பரைக் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூடேறிய காற்றெல்லாம் மேலே போய் உத்தரத்தோடு உறவாடிக்கொண்டிருக்க, குடும்பம் கீழே கம்பளிக்குள் இருக்கும். சிறுபொழுது, ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக் கோப்பையும் வீட்டு விளம்பரப் பக்கமும் ஒருசேரக் கையில் இருக்கும் நேரம்.

கருப்பொருளில் விலங்கு வௌவால். பறவையா விலங்கா என்ற பழைய வழக்கு இங்கே எழவில்லை, 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. அது தங்கும் இடத்தைக் கலைப்பது குற்றம், அது வெளியூர் போயிருந்தாலும் குற்றம். ஆக, பரணின் உரிமையாளர் யார் என்பதில் பத்திரம் ஒன்று சொல்லும், நடைமுறை வேறொன்று சொல்லும். பறவை வெண்கூகை. தானியக் களஞ்சியங்களில் பரம்பரையாகக் குடியிருப்பது, இதற்கும் சட்டத் துணை உண்டு.

தெய்வம், உள்ளூராட்சியின் பாரம்பரியக் கட்டட அதிகாரி. இங்கிலாந்தில் காக்கப்படவேண்டியவை என்று பட்டியலிடப்பட்ட கட்டடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இரண்டாம் தரத்தவை. ‘இரண்டாம் தரம்தானே’ என்று அசட்டையாக ஜன்னலை மாற்றினால், சட்டப்படி இரண்டாண்டு வரை சிறைக்கு வழி இருக்கிறது. இரட்டைக் கண்ணாடி போடவும், ஒரு கதவை அரையடி நகர்த்தவும் இந்தத் தெய்வத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். வேண்டுதல் உண்டு, வரம் அரிது.

இனி, இந்த ஆய்வு கண்டடைந்த விதி. ஒரு கட்டடத்தில் மனிதனைச் சௌகரியமாக இருக்கவிடக் கூடாது என்று எது வைக்கப்பட்டதோ, அதுவே விளம்பரத்தின் முதல் வரியில் வந்து நிற்கும்.

சான்றாக, 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை ஒட்டி ஊர்தோறும் எழுந்த பள்ளிக்கூடங்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றின் ஜன்னல்கள் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே தொடங்கும். வெளிச்சம் உள்ளே வரலாம், பையனின் பார்வை வெளியே போகக் கூடாது. விளம்பரத்தில் இது ‘வெளிச்சம் கொட்டும் உயர்ந்த ஜன்னல்கள்’. பள்ளத்தாக்கு அழகுக்காகவே பணம் கொடுத்து வாங்கியவர் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க நாற்காலி போட்டு ஏறுகிறார். உயரம் வீணாகிறதே என்று நடுவில் ஒரு தளம் போட்டால் நிலைமை இன்னும் சுவாரசியமாகிறது. ஒரே ஜன்னலைத் தளம் குறுக்கே அறுக்கிறது. அதன் கீழ்ப்பாதி சமையலறையில் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். மேல்பாதி படுக்கையறையில் கணுக்காலில் தொடங்கும். அந்த வீட்டில் யார் காலையில் எழுந்துவிட்டார்கள் என்பதைத் தெருவில் போகிறவர்கள் பாதங்களை வைத்தே சொல்லிவிடுவார்கள். வாசல் வேறு இரண்டு, ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று என்று கல்லில் செதுக்கியே இருக்கும். புதுக்குடும்பத்துப் பெண் ‘பாய்ஸ்’ வழியாக வருவதில் சட்டச் சிக்கல் ஒன்றுமில்லை.

இந்த விதிக்கு முழு உருவம் கொடுப்பது மார்ட்டெல்லோ கோபுரம். 1794-இல் கோர்சிகாத் தீவின் மோர்டெல்லா முனையில் இருந்த ஒரு சின்னஞ்சிறு வட்டக் கோபுரத்தை இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுட்டன. சேதமடைந்தவை கப்பல்கள்தான். அடிவாங்கியவர்கள் ஊர் திரும்பி அதே மாதிரிக் கோபுரங்களைக் கட்டத் தீர்மானித்தார்கள், பெயரை மட்டும் தப்பாக எழுதிக்கொண்டார்கள். 1805 முதல் 1812 வரை நெப்போலியனை எதிர்பார்த்து இங்கிலாந்தின் தெற்கு, கிழக்குக் கடற்கரைகளில் கட்டியவை 103. பேரரசு போன இடமெல்லாம் இந்த மோகமும் போனது, இலங்கையில் அம்பாந்தோட்டையிலும் ஒன்று நிற்கிறது.

நெப்போலியன் வரவில்லை. தரகர் வந்தார்.

அவர் விற்கவேண்டிய பொருளைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். கடலைப் பார்த்த பக்கத்தில் சுவரின் கனம் பதின்மூன்று அடி வரை. ஜன்னல் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. புதிதாக ஒன்று வைக்க வேண்டுமானால் அது ஜன்னலாக இராது, சுரங்கமாக இருக்கும். வாசல் முதல் மாடியில், முன்பு ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் பிரெஞ்சுக்காரன் அண்ணாந்து பார்த்து நிற்க வேண்டியதுதான். இன்று அதே இடத்தில் மளிகைப் பையோடு வீட்டுக்காரர் நிற்கிறார். இருபத்தைந்து பேர் போலத் தங்கிய கோபுரத்தின் உச்சியில் சுழலும் பீரங்கி ஒன்று இருந்தது. வெளிச்சம் கிடைக்கும் ஒரே இடம் அதுதான் என்பதால், சஃபோக்கில் பாட்சி அருகே ஒரு கோபுரத்தைப் புதுப்பித்தவர்கள் அந்த உச்சியிலேயே கூரை வேய்ந்து சமையலறையை வைத்துவிட்டார்கள். பீரங்கி இருந்த இடத்தில் அடுப்பு. பால் பொங்குகிறதா என்று பார்க்க உச்சிவரை ஏற வேண்டும். விளம்பரத்துக்கு இது ‘360 பாகைக் கடற்காட்சி’.

இங்கே குடியிருந்தவர் சாட்சியமும் கிடைக்கிறது. டப்ளின் அருகே சேண்டிகோவில் உள்ள கோபுரத்தில் 1904 செப்டம்பரில் ஜேம்ஸ் ஜாய்ஸ் தங்கினார். ஒரு வாரம்கூட முடியவில்லை, இரவில் உள்ளேயே துப்பாக்கி வெடிக்கவும் கிளம்பிவிட்டார். பின்னர் ‘யுலிசிஸ்’ நாவலின் கதையை அந்தக் கோபுரத்தில் நடப்பதாகத்தான் தொடங்கினார். எந்தத் தரகரும் கொடுக்க முடியாத விளம்பரம். ஆனால் அதை எழுதியவர் வீட்டைக் காலிசெய்தவர் என்பதை ஆய்வாளர் அடிக்கோடிட வேண்டியிருக்கிறது.

கென்ட் பகுதியின் ஓஸ்ட் வீடு இவ்வளவு முரடல்ல. பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூக்களை உலர்த்த எழுந்த சூளை அது. கீழே நெருப்பு, மேலே சல்லடைபோன்ற மரத்தளம், அதில் குதிரைமயிர்த் துணி, அதன்மேல் பூக்கள். உச்சியில் காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பும் வெள்ளைக் குல்லா. வட்டமாகக் கட்டினால் சூடு சீராகப் பரவும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்பினார்கள். பிறகு சதுரமும் அதே வேலையைச் செய்கிறது என்று தெரிந்து சதுரத்துக்குத் திரும்பினார்கள். ஆக, வட்டம் என்பது ஒரு கைவிடப்பட்ட கருதுகோள். அதற்குள் இப்போது ஒரு பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்க முயல்கிறது ஒரு குடும்பம். பீரோவின் பின்னால் பிறைவடிவ இடைவெளி, அதில் துடைப்பமும் தொலைந்த சாக்ஸும். சூட்டை வெளியேற்றுவதற்காகவே வடிவமைத்த அறையில் சூட்டை நிறுத்திவைப்பது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது.

விதிக்குப் புறனடையாக ஒன்று உண்டு, ரயில்வே ஸ்டேஷன். 1963-இல் பீச்சிங் அறிக்கை 2,363 ஸ்டேஷன்களை மூடப் பரிந்துரைத்தது. அவற்றில் பல வீடுகளாயின. பிளாட்பாரம் நல்ல திண்ணை. ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்தோடு வாழ்ந்த இடம் என்பதால் சமையலறை சமையலறையாகவே இருந்தது. இதனாலேயே ஆய்வாளருக்கு இதில் ஆர்வம் குறைவு.

விளம்பரத்துக்கு உரை எழுதுவதும் ஆராய்ச்சியின் கடமை. ‘தனித்தன்மை வாய்ந்தது’ என்பது சோபா நுழையாது என்பதைக் குறித்து நின்றது. ‘கற்பனைக்கு இடமுண்டு’ எனவே கூரைக்கு இடமில்லை என்பது பெற்றாம். ‘அமைதியான சூழல்’ என்பதற்குப் பஸ் இல்லை என்று பொருள் கொள்க. அக்கம்பக்கம் கல்லறை என்பாரும் உளர். இந்த மரபை மீறியவர் லண்டன் தரகர் ராய் புரூக்ஸ். 1950, 60-களில் விற்கும் வீட்டின் ஈரத்தையும் அழுக்கையும் ஞாயிறு இதழ்களில் தாமே திட்டி எழுதினார். மக்கள் போட்டிபோட்டு வந்தார்கள். பொய்யான வருணனையைத் தண்டிக்க 1991-இல் தனிச் சட்டமே வந்தது, 2013-இல் நீக்கவும்பட்டது. ‘தனித்தன்மை’ என்ற சொல்லை இரண்டும் தொடவில்லை.

உரிப்பொருளுக்கு வரலாம்: வியத்தலும் வியத்தல் நிமித்தமும், பிறகு விற்றலும் விற்றல் நிமித்தமும். இதற்குத் தக்க களம் சர்ச். 1932-இல் வெஸ்லியன், பிரிமிட்டிவ், யுனைடெட் என்று மூன்றாகப் பிரிந்திருந்த மெதடிஸ்டுகள் ஒன்றானார்கள். மனம் ஒன்றானது, ஒரே ஊரில் எதிரெதிராகக் கட்டியிருந்த சர்ச்சுகள் மிஞ்சிப்போயின. விற்கும்போது இங்கே மது விற்கவோ சூதாடவோ கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை சேர்ப்பதுண்டு. பாப்டிஸ்ட் சர்ச்சாக இருந்தால் பலகைத் தரைக்கடியில் முழுக்கு ஞானஸ்நானத் தொட்டி இருக்கும். அதை என்ன செய்வது என்று புதியவர்கள் முதல் கோடை முழுவதும் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்துக் கல்லறை நிலத்தில் சமையலறையை நீட்டலாமென்றால் 1884-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். அடக்கமானவர்களின் வாரிசுகள் வந்துபோகும் உரிமை பல பத்திரங்களில் அப்படியே தொடரும்.

எனவே ஞாயிறு காலை, அதே சிறுபொழுதில், கையில் டாஃபோடில் கொத்தோடு ஒரு பாட்டி கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார். பைஜாமாவில் நிற்கும் வீட்டுக்காரர் காபிக் கோப்பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வழிவிடுகிறார். பாட்டி தம் வீட்டாரின் கல்லறைக்குப் போகும் வழியில் அண்ணாந்து பார்த்து, கூரை இப்போதும் ஒழுகுகிறதா என்று விசாரிக்கிறார்.