பெட்டி தூக்கத் தெரியுமாடா பேராண்டி?

டேய் பேராண்டி, இப்பிடி வந்து குந்து. நம்ம தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில சின்னப் பசங்களுக்கு நாடகம் போட்டுட்டுப் போனாங்களே, அந்த வேனு பின்னாலயே நீயும் ஊர் ஊரா சுத்தப் போறியாமே? உங்கம்மா அடுப்பங்கரையில மூக்கைச் சிந்துறா. உங்கப்பன் "படிப்பு போச்சு, மானம் போச்சு"ன்னு கத்துறான். எனக்கு மட்டும் சந்தோசம்தான். வீட்டுல ஒரு தட்டு சோறு மிச்சமாவும் பாரு.

போறதுன்னு ஆயிடுச்சு. இந்தக் கெழவன் சொல்றதையும் காதுல வாங்கிக்கினு போ.

மொதல்ல நல்லதா ஒரு பொய் கத்துக்கோ. திருச்சியில கணேசன்னு ஒரு பொடிப்பய, "எனக்கு அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்ல, நான் அநாதை"ன்னு சொல்லித்தான் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையோட பாய்ஸ் கம்பெனியில, அதான் பசங்களையே வெச்சு நாடகம் போடுற கம்பெனியில, சேந்தான். பெத்தவ வீட்டுல குத்துக்கல்லாட்டம் இருக்கா! அந்தப் பய பின்னால சிவாஜி கணேசன் ஆயிட்டாரு. அவரு நடிச்ச மொத சீனே அந்தப் பொய்தான்னு நான் சொல்லுவேன். ஆனா உனக்கு அது பலிக்காது. உங்கம்மா கூப்புட்டா ஆண்டர்சன்பேட்டை வரைக்கும் கேக்கும்; உன்னை எவன் அநாதைன்னு நம்புவான்?

ரெண்டாவது, சோறு. கலைத்தாகத்துல போறேன்னு என்கிட்ட கதை விடாத. அந்தக் காலத்துல பாய்ஸ் கம்பெனிக்குப் போனவங்க பாதிப் பேரு வயித்துப் பசியிலதான் போனாங்க. எம்.ஜி.ஆரும் அவங்கண்ணன் சக்ரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது வீட்டுல இல்லாத கொடுமைக்கு. நம்பியாரு நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில இருந்தப்ப மாசம் மூணு ரூபா சம்பளமாம். சினிமாவுல வில்லனாச்சே, மொத்தத்தையும் அமுக்கியிருப்பாருன்னு நெனைப்ப. ஒரு ரூபாயை வெச்சிக்கினு மிச்சத்தை அம்மாவுக்கு அனுப்பிட்டாராம். உனக்கு எவனாச்சும் மூணு ரூபா குடுத்தா, நீ எங்கிட்ட இன்னும் ரெண்டு ரூபா கேப்ப.

மூணாவது, தூக்கம். அப்போல்லாம் கம்பெனி வீடுன்னு ஒரு வீட்டை வாடகைக்குப் புடிச்சு, அத்தினி பசங்களையும் வரிசையா பாய்ல போட்டுருவாங்க. காத்தால பாட்டு, பகல்ல ஒத்திகை, ராத்திரி நாடகம், நடுவுல வாத்தியார் பிரம்பு. 1918-ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபான்னு ஒரு பாய்ஸ் கம்பெனி ஆரம்பிச்சப்ப, அதுல சேந்த டி.கே. ஷண்முகத்துக்கு ஆறு வயசு. அங்க வாத்தியாரு சங்கரதாஸ் சுவாமிகள். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில உக்காந்து எழுதி முடிச்சாராம் மனுசன். நீ ஒரு பக்கம் வீட்டுப்பாடம் எழுத ஞாயித்துக்கெழமை முழுக்க பென்சில் சீவுறவன். அவருகிட்ட மாட்டியிருந்தா பென்சிலுக்கு பதிலா உன்னைத்தான் சீவியிருப்பாரு.

அப்புறம் மகரக்கட்டு. மீசை அரும்புற வயசுல தொண்டை கட்டிக்கும், பாடுனா ரெண்டு குரல் வரும். நேத்து வரைக்கும் ஸ்திரீபார்ட்டுன்னு பொம்பளை வேசத்துல கண்ணீர் வரவெச்ச பய, இன்னிக்கு வாயைத் தொறந்தா கொட்டகையே சிரிக்கும். பி.யு. சின்னப்பாவுக்கும் குரல் போச்சு. அவரு ஒடைஞ்சா போனாரு? பாட்டையும் விடாம, சிலம்பம் அது இதுன்னு ஒடம்பையும் முறுக்கிக்கினு, 1940-ல 'உத்தமபுத்திரன்'ல ரெட்டை வேசம் கட்டினாரு. உனக்கும் அந்த வயசு பக்கத்துலதான் நிக்குது. இப்பவே நாலு தண்டால் எடு.

ஆனா ஒண்ணு எனக்குப் புடிச்சிருக்குடா. அப்போ பசங்க ராத்திரி கண்ணு முழிச்சு ஆடுனாங்க, பெருசுங்க வெத்தல மென்னுக்கினு பாத்துச்சுங்க. இப்போ பாண்டிச்சேரி வேலு சரவணன் மாதிரி ஆளுங்க, ஆழின்னு குழு வெச்சு, பெரியவங்களே கோமாளி வேசம் கட்டி ஊர் ஊராப் போயி ஆடுறாங்க. பசங்க குந்திக்கினு கத்துது. நியாயம் இதுதான். இதுல ஒரு சங்கடம், உனக்கு வேசம் கெடைக்காது. பெட்டி தூக்குற வேலைதான்.

உங்கப்பன் படிப்பைப் பத்தி ஆரம்பிச்சா காரந்த் கதையைச் சொல்லு. நம்ம கர்நாடகத்து பி.வி. காரந்த், சின்ன வயசுல வீட்டை விட்டு ஓடி குப்பி வீரண்ணா நாடகக் கம்பெனியில சேந்தவரு. ஓடி வந்த பயலைக் காசிக்கு அனுப்பி எம்.ஏ. படிக்க வெச்சது அந்த வீரண்ணாவேதான். பின்னால டில்லி நாடகப் பள்ளிக்கே டைரக்டர் ஆயிட்டாரு. ஆனா எல்லா வேன்காரனும் வீரண்ணா இல்ல. அதனால ஸ்கூல் லீவுல மட்டும் போ.

ஊர் சுத்துறது கேவலம்னு உங்கப்பன் சொல்றானா? 2001 பிப்ரவரி 28-ல தங்கச் சுரங்கத்தை மூடுனதுல இருந்து இந்தத் தங்கவயலே டூரிங் கம்பெனிதானே! விடியறதுக்கு முன்ன மாரிக்குப்பத்துல ரயிலேறி, நூறு கிலோமீட்டர் போயி, பெங்களூர்ல ஒருத்தன் வாட்ச்மேன் வேசம், ஒருத்தன் சேல்ஸ்மேன் வேசம், உங்கப்பன் ஆபீசர் வேசம். ராத்திரி வந்து அரிதாரம் கலைச்சுட்டுப் படுத்துடுறான். அதுக்கு முன்ன நாங்க மட்டும் என்னா? சாம்பியன் ரீப் சுரங்கத்துல மூணு கிலோமீட்டருக்கும் கீழ, தலையில லைட்டு, மூஞ்சி பூரா கருப்பு. பாக்கத்தான் ஒருத்தனும் இல்ல, கைதட்டவும் ஆளில்ல. உனக்காச்சும் நாலு பசங்க கைதட்டுவாங்க.

போயிட்டு வா. தட்டு, போர்வை, சோப்பு எடுத்துக்கோ. போன ஒடனே ராஜபார்ட் கேக்காத, தொடப்பம் எங்கன்னு கேளு. நாடகம் ஒரு மணி நேரம்தான்டா. படுதா மடிக்குறது, பெட்டி ஏத்துறது, வேன்ல ஒக்காந்துக்கினே தூங்குறதுன்னு மிச்சம் இருபத்து மூணு மணி நேரம். அந்த இருபத்து மூணும் உனக்குப் புடிச்சிருந்தா அடுத்த வருசமும் போ. உங்கப்பனை நான் பாத்துக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் மட்டும் புடிச்சிருந்தா, பேசாம டிக்கெட் வாங்கிக்கினு முன்வரிசையில குந்து.