மாடில்லாத மாட்டுக்காரர்

கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கிற அன்று, சாலையோரக் கூட்டத்தில் ஒருவரை எளிதாக அடையாளம் காணலாம். எல்லோரும் வண்டி வரும் திசையைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, புள்ளிமான், பூஞ்சிட்டு, நடுமாடு, கரிச்சான், பெரியமாடு என்று பந்தய மாடுகளுக்கு இங்கே வகுப்புகள் உண்டு. பந்தயத்துக்குப் பந்தயம் ஒன்றிரண்டு கூடும், குறையும். இப்போது புழுதி கிளப்பிக்கொண்டு போன ஜோடி பூஞ்சிட்டில் பதிவானது. நம்மவர் கட்சிப்படி அது நடுமாடு. "பல்லைப் பிடிச்சுப் பார்த்தாய்ங்களா, இல்ல சொன்னதைக் கேட்டு எழுதிக்கிட்டாய்ங்களா?" என்று ஆரம்பிப்பார். அவரிடம் மாடு கிடையாது. அவருடைய அப்பாவிடம் இருந்திருக்கலாம். இன்றைக்கு அவர் வீட்டுத் தொழுவத்தில் நிற்பது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். பந்தயம் முடிந்து, ஓடிய மாடு வீட்டுக்குப் போய்ப் படுத்து அசைபோட்டு முடித்துவிடும். இவர் அசைபோட்டு முடிக்க அடுத்த பந்தயம் வந்துவிடும்.

இந்த மனிதரின் பேரன் வயதுப் பையன்கள் கணினியிலும் கைபேசியிலும் டிராகனுக்கும் தேவதூதனுக்கும் சண்டை மூட்டிவிட்டு, யார் பெரியவர் என்று ராத்திரி முழுக்க வாதாடுகிறார்கள். இல்லாத பிராணிக்கு இவ்வளவு சண்டையா, எல்லாம் செல்போன் பெற்றுப்போட்ட வியாதி என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்வதில் முதல் ஆள் நம்ம மாடில்லாத மாட்டுக்காரர்தான் என்பது தனி வேடிக்கை. வியாதி பழையது, பரம்பரையாக வருவது என்பது என் கட்சி. 1999-ல் வெளிவந்த 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்' மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரமும் படையெடுப்பும் கலந்த அந்தக் கணினி ஆட்டத்தை ரசிகர்கள் இன்றுவரை விட்டபாடில்லை. அதில் எட்டு வகைக் கோட்டைகள். ஒவ்வொரு கோட்டையிலும் ஏழு படி உயிரினங்கள். ஒரு கோட்டையின் ஏழாம் படியில் கருப்பு டிராகன்: உயிர் 300, வேகம் 15, எந்த மந்திரமும் அதன்மேல் பலிக்காது. இன்னொன்றின் ஏழாம் படியில் தலைமைத் தேவதூதன்: உயிர் 250, வேகம் 18, செத்துக் கிடக்கும் தன் படையை எழுப்பிவிடும். வேகம் கூடியவனுக்கே முதல் அடி. அப்படியானால் ஐம்பது உயிர் கூட இருப்பது பெரிதா, மூன்று வேகம் கூட இருப்பது பெரிதா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வளர்ந்த ஆண்கள் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். நம் பந்தயத்திலும் ஏழு வகுப்பு, அங்கும் ஏழு படி என்பது தற்செயல். ஆனால் "வேகம் இருக்கு, தம் இருக்கா?" என்று சின்னமனூர் டீக்கடையில் ஒரு ஜோடி மாட்டைப் பற்றி எழும் கேள்வியும் இந்த டிராகன் கேள்வியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இவர்களை விலங்குப் பிரியர்கள் என்று நினைப்பது முதல் தவறு. வகுப்பு பிரிப்பதில்தான் இவர்களுடைய பிரியம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அதற்கென்றே பூதகணங்களின் அகராதி ஒன்று வந்தது. ஒவ்வொரு பூதத்துக்கும் பலம் இவ்வளவு, காப்பு இவ்வளவு என்று எண் குறித்த புத்தகம் அது. எண் வந்துவிட்டால் வழக்கும் வந்துவிடும். நம்மூர் வாடிவாசலுக்கு அப்படி அச்சிட்ட அகராதி தேவைப்படவில்லை. பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் ஜல்லிக்கட்டு பார்க்கப் போகிறவர்களுக்கு அது மனப்பாடம். நின்று விளையாடுகிற மாடு வேறு, வாசலை விட்டதும் பறந்து போய்விடுகிற மாடு வேறு. திமிலை மட்டும் பிடிக்க வேண்டும், வாலைத் தொடக்கூடாது, ஒரு மாட்டை ஒருவர்தான் பிடிக்க வேண்டும். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் மாடு ஒருமுறை துள்ளினால் அதில் மூன்று வழக்கு பிறக்கிறது. திமிலில் இருந்தது ஒரு கையா இரண்டு கையா, இரண்டாவது ஆள் தொட்டானா தொடவில்லையா, மாடு தானாக நின்றதா இவன் நிறுத்தினானா. பிடித்தவன் அண்டாவை வாங்கிக்கொண்டு போய்விடுவான். வழக்கை நடத்துவது இவர்தான்.

ஆட்டம் இல்லாமலே இவரால் வாழ முடியும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சோதனையே நடந்திருக்கிறது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டது. 2017 சனவரிப் போராட்டமும் அதைத் தொடர்ந்த தமிழக அரசின் சட்டமும் வரும்வரை வாடிவாசல் முறைப்படி திறக்கவில்லை. மாடு வளர்த்தவர்கள் தவித்தார்கள், விற்றார்கள், வழக்குச் செலவுக்கு அலைந்தார்கள். நம்மவரின் வாதம் மட்டும் ஒருநாளும் மெலியவில்லை. புது மாடு களத்துக்கு வராததால், பழைய மாடுகளைக் களத்தில் இறக்கினார். செத்துப்போன காளையையும் இன்னும் வாலிபத்தில் நிற்கிற காளையையும் மோதவிட்டார். எந்தக் காளை எந்த ஆண்டில் எந்த வாசலில் எப்படித் திரும்பியது என்று அவர் சொல்லும்போது மறுப்பதற்குச் சாட்சி கிடையாது. டிராகனோடு தேவதூதனை மோதவிடும் பையனும் இதைத்தானே செய்கிறான்? இருவருக்கும் ஆட்டம் ஒரு சாக்கு.

"வாயிலேயே வண்டி ஓட்டுகிற ஆளுக்கு இவ்வளவு மரியாதையா?" என்று உண்மையான மாட்டுக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாட்டைப் பிடித்தவனுக்கு விலா எலும்பு தெரியும். சாரதிக்குக் கயிறு அறுத்த கை தெரியும். இவருக்கு டீ கிளாஸின் சூடு மட்டும் தெரியும். ஆனால் மாடு வைத்திருப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. தன் மாட்டைச் சின்ன வகுப்பில் இறக்கினால் பரிசு நிச்சயம். பெரிய வகுப்பில் இறக்கினால் புழுதிதான் மிச்சம். அவரிடம் போய் மாட்டின் வகுப்பைக் கேட்பது, கடன் வாங்கியவரிடமே வட்டியை நிர்ணயிக்கச் சொல்வது போல. பணமும் பரிசும் சம்பந்தப்படாத ஒருவர் ஓரத்தில் நின்று "இது பூஞ்சிட்டு இல்லப்பா" என்று கத்திக்கொண்டே இருப்பதால்தான் விதி என்று ஒன்று நோட்டீஸைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறது. கணினி ஆட்டத்திலும் இதே கதைதான். செத்த எதிரிகளை எலும்புக்கூடுகளாக எழுப்பிப் படை பெருக்குகிற கோட்டைக்கு வலிமை அளவுக்கு மீறியது என்று புகார் கிளப்பியது அதைத் தயாரித்த நிறுவனம் அல்ல. சம்பளம் இல்லாமல் சண்டை போட்ட ரசிகர்கள் கிளப்பியது.

நம்மவரை நடுநிலையாளர் போலச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் திருத்த வேண்டும். உலகத்தில் உள்ள எல்லா ஊர் மாட்டிலும் இவர் நடுநிலை, சொந்த ஊர் மாடு நீங்கலாக. கூடலூர் ஆளுக்குக் கூடலூர் ஜோடி தோற்றால் சாலை சரியில்லை. போடி ஆளுக்குப் போடி ஜோடி தோற்றால் கொடி அசைத்தவன் சரியில்லை. எண்ணை வைத்துக் கட்சி பிரிகிற பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. முல்லைப் பெரியாறு அணை நீர்மட்டத்தின் 152 அடியையும் 142 அடியையும் 136 அடியையும் பற்றி ஆளுக்கொரு வியூகம் வைத்திருக்கிற பள்ளத்தாக்கு இது. அங்கே பின்னணியில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிற்பதால் அந்த வாதத்தை நகைச்சுவைக் கட்டுரையில் தொடாமல் நகர்வது உத்தமம்.

நம்மவரின் பொற்காலம் 2023 மே மாதம். மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை இவர் கொண்டாடி முடிப்பதற்குள், மே 27 காலை அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள் நடந்து வந்தது. ஏப்ரல் 29-ல் இடுக்கி சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, பெரியார் புலிகள் காப்பகத்தில் கேரள வனத்துறை கொண்டுவிட்ட அதே யானை. 144 தடை உத்தரவு வந்தது. தெருவில் கூடக்கூடாது என்றதால் வாதம் மொட்டைமாடிக்கு ஏறியது. யானைக்கு உடனே ஓர் அட்டவணை தயாரானது. பலம்: சுவர் இடிப்பது. பலவீனம்: ரேஷன் அரிசி. எதிரணியில் ஆனைமலையிலிருந்து கும்கிகள் வந்தன. சுயம்பு, முத்து என்று பெயர் தெரிந்த அரைமணி நேரத்தில், எது முன்னால் போகும், எது பக்கவாட்டில் மறிக்கும் என்று இவர் வியூகம் வகுத்துவிட்டார். மலைக்கு அந்தப் பக்கத்து யானைகளும் பட்டியலில் சேர்ந்தன. மூணாறின் படையப்பா, பலாப்பழப் பிரியன் சக்கைக்கொம்பன், முறிவாலன். யாரோடு யார் மோதினால் யார் என்று ஏழாம் படி விவாதம் நடந்தது.

மொட்டைமாடியில் மூன்று கட்சி. மலையேறிச் சின்னக்கானலுக்கே திரும்பும் என்பது ஒன்று. வந்த வழியே குமுளிக்குப் போகும் என்பது இரண்டு. மேகமலையைப் பிடித்துக்கொள்ளும் என்பது மூன்று. மூன்றுக்கும் ஆதாரம், வரைபடம், கடந்தகால உதாரணம் எல்லாம் இருந்தன. யானை சுருளிப்பட்டிப் பக்கம் போய், சண்முகாநதி அணைப் பக்கம் சுற்றி, ஜூன் 5 அதிகாலையில் சின்ன ஓவுலாபுரம் அருகே பிடிபட்டு, லாரி ஏறி, களக்காடு முண்டந்துறையின் மேல் கோதையாற்றில் இறங்கியது. இது எந்தக் கட்சியின் கணிப்பிலும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் மூன்று கட்சியும் ஜெயித்ததாக அறிவித்தன. "நம்ம விட்டிருந்தா அது அங்கதான் போயிருக்கும்ல, மாமா?" என்றார் ஒருவர். "பின்ன? அதுக்குத்தானே அவசரமாப் புடிச்சாய்ங்க" என்றார் மாமா. எதிர்க்கட்சிக்காரரும் தலையாட்டினார், தன் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு. இவர் சொன்னது பலிக்காது என்று குறை சொல்கிறவர்கள், பலிக்கச் சொல்வது ஜோசியரின் தொழில் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. டிராகனுக்கு உயிர் 300 என்றால் அது எண். கம்பத்தில் யானையால் காயம்பட்ட ஒருவர் இறந்துபோனார். அது எண் அல்ல. ஜல்லிக்கட்டில் குடல் சரிகிறது, பந்தயத்தில் மாட்டின் கால் முறிகிறது. 2024-ல் சக்கைக்கொம்பனோடு மோதியதில் பட்ட காயங்களுக்குப் பிறகு முறிவாலன் செத்தே போனது. கற்பனை ஆட்டத்தின் நாக்கை வைத்துக்கொண்டு ரத்தமுள்ள விலங்கைப் பேசலாமா? பேசக்கூடாது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த மே மாதத்தில் கெடுதல் செய்தது வாய் அல்ல, கால். மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசியவரால் யானைக்கு ஒன்றும் ஆகவில்லை. தோப்பில் நின்ற யானையின் தலைக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு மிரட்டியவரும், செல்போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியவர்களும்தான் வனத்துறைக்குத் தலைவலி. மாடில்லாத மாட்டுக்காரர் ஒருபோதும் களத்தில் இறங்குவதில்லை. அவருடைய குணங்களில் சமூகத்துக்கு ஆகக்கூடிய உபகாரம் இதுவே.

என் வாதத்தில் ஓட்டை இருக்கும் இடமும் எனக்குத் தெரியும். இந்தச் சபையில் பெண்கள் இல்லை. பருத்திக்கொட்டை ஊறவைப்பதும், விடியற்காலையில் சாணி அள்ளுவதும், ஊசி போட வந்த மருத்துவரிடம் மாட்டின் காதைப் பிடித்து நிறுத்துவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். மாட்டைப் பற்றி நிஜமாகவே தெரிந்த அந்த ஒரு கட்சிக்கு வாதத்தில் நாற்காலி போடப்படவில்லை. அவர்களும் கேட்டு வரவில்லை, வேலை கிடக்கிறது. என்றாவது ஒருநாள் நம்மவர் தயங்கித் தயங்கித் தொழுவத்து வாசலில் நின்று, "இது வேகத்து மாடா தாயி, தம்முள்ள மாடா?" என்று கேட்டால், "இது கடன் மாடுண்ணே" என்று பதில் வரும். பந்தய நோட்டீஸில் அப்படி ஒரு வகுப்பு இல்லையே என்று யோசித்தபடி நம்மவர் எக்ஸ்எல்லை உதைப்பார்.