பதினெட்டுப் பேரும் ஏறின பிறகுதான் பஸ் எடுப்பாங்க

பிக் பாஸ் எட்டாவது சீசனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. ஆட்டம் எந்த இடத்தில் கெட்டது என்கிற விஷயம். இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் அது தொடங்கிய 2024 அக்டோபர் 6 ஞாயிற்றுக்கிழமை ராத்திரியைக் கொஞ்சம் திட்டித் தீர்த்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஆறு மணிக்கு ஆரம்பம் என்றார்கள். மலைமேல் இருக்கிற எங்கள் ஜமுனாமரத்தூரில் ஐப்பசி நெருங்கும் நேரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நிகழ்ச்சியைத் தடங்கலில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் கரண்ட், மழை, மொட்டைமாடி டிஷ் மூன்றும் ஒரே கட்சியில் இருக்க வேண்டும். அப்படியொரு கூட்டணி இதுவரை அமைந்ததில்லை. ஆலங்காயம் பக்கம் இடி இடித்தாலே இங்கே தொகுப்பாளர் விஜய் சேதுபதியின் முகம் கட்டம் கட்டமாகப் பெயர்ந்து, கடைசியில் சிக்னல் இல்லை என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துவிடும். இதே மலையில்தான் காவலூரில் வேணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 93 அங்குலத் தொலைநோக்கி. 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதற்குத் தடயம் பிடித்தவர்களில் அவர்களும் உண்டு. அவ்வளவு தூரம் கண் தெரிகிற மலையில் இருந்துகொண்டு, செம்பரம்பாக்கத்தில் செட் போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களை என்னால் பார்க்க முடியவில்லை. மேகம் வந்தால் அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் ஒரே ஆறுதல்.

சரி, தெரிந்த வரைக்கும் பார்த்ததற்கு வருகிறேன். 2017 ஜூனில் தொடங்கி ஏழு சீசன் கமல் நடத்தினார். அவர் சனிக்கிழமை பேசியது எனக்குப் புதன்கிழமை வாக்கில் புரியும். நடுவில் புத்தகம் வேறு சிபாரிசு செய்வார். படிக்கவில்லை என்றாலும் படித்தவன் மாதிரி ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன். 2024 ஆகஸ்டில் அவர் விலகிக்கொள்வதாக அறிவித்ததும் விஜய் சேதுபதி வந்தார். அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேசுவது பேசும்போதே புரிகிறது. பழக்கமில்லாததால் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, அவ்வளவுதான்.

என் கோபமெல்லாம் அந்தப் பதினெட்டுப் பேரை வீட்டுக்குள் ஏற்றிய விதத்தின் மேல்தான். நம் போளூர் பஸ் நிலையத்தில் ஜமுனாமரத்தூர் பஸ்ஸுக்கு இந்த மாதிரி ஆள் ஏற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

கண்டக்டர் கோட்டு போட்டுக்கொண்டு படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். முதல் பயணி வருகிறார். வந்தவர் ஏற முடியாது. முதலில் ஒரு வீடியோ. அவர் ஆடு மேய்த்தது, பத்தாவதில் கணக்கில் போனது, அன்றைக்கு மழை பெய்தது, அந்த மழையில் அவர் மெதுவாக நடந்தது, பின்னால் வயலின். வீடியோ முடிந்ததும் கண்டக்டர் தோளில் கை போட்டுக் கேட்கிறார்: "சொல்லுங்க, எதுக்கு இந்த பஸ்?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் என்னை வேற மாதிரி நெனச்சிட்டாங்க சார். நான் யாருன்னு இந்த பஸ்ல காட்டணும் சார்" என்கிறார். அம்மாவை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். அம்மா, "யார்கிட்டயும் சண்டைக்குப் போவாத, வேளாவேளைக்குத் துன்னு" என்று சொல்லிவிட்டு அழுகிறார். இவர் அழுகிறார். கண்டக்டர் இரண்டு பேரையும் தட்டிக்கொடுக்கிறார். விளம்பரம். மசாலா, நகைக்கடை, பெயின்ட், மறுபடியும் நகைக்கடை.

திரும்பி வந்தால் இன்னும் படிக்கட்டில்தான் நிற்கிறார். கதவு திறக்கிறது. உள்ளே போனதும், "வாவ்!" சீட்டைத் தொட்டுப் பார்க்கிறார், வாவ். ஜன்னல் கம்பி, வாவ். கடைசி சீட் வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி ஓடி வருகிறார். டிரைவருக்குப் பின்னால் எழுதியிருக்கிற திருக்குறளை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இது எனக்காகவே எழுதினா மாதிரி இருக்கு" என்கிறார். பிறகு தனியாக உட்கார்ந்து கம்பியோடு பேசுகிறார்.

இரண்டாவது ஆள். மறுபடியும் மழை, வயலின், அம்மா. உள்ளே வந்ததும் முதல் ஆளைப் பார்த்து, "நீங்களா! நான் உங்க பெரிய ஃபேன்!" இருவரும் ஒரே ஊர், காலையில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். கட்டிப்பிடிக்கிறார்கள். இரண்டாம் ஆளும் கடைசி சீட் வரைக்கும் ஓட வேண்டும். முதல் ஆள் கூட ஓடிப்போய்ச் சுற்றிக் காட்டுவார், ஏதோ அவர் கட்டின பஸ் மாதிரி. ஏழாவதாகச் சாமை மூட்டையோடு ஒருவர். பதினோராவதாக ஒரு பெரியவர், அவர் கையில் ஆட்டுக்குட்டி. தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஏறியது அந்தக் குட்டி மட்டும்தான். என் ஓட்டு அதற்கு.

பதினெட்டும் ஏறியாயிற்று. கிளம்புவார்கள் என்று நினைப்பீர்கள். நடுவில் ஒரு கோடு போட்டு, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்கிறார்கள். இந்த சீசனின் பெரிய புதுமையாம்! எங்கள் பஸ்ஸில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் உட்காருகிறோம். அதற்கு லோகோ போடத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் மேலே எங்கிருந்தோ டிரைவரின் குரல்: அத்திமூர் தாண்டி முதல் வளைவுக்குள் ஒருவரை இறக்கிவிட வேண்டும், யாரென்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஒவ்வொருவராக எழுந்து, "அவங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல, ஆனா இன்னும் கனெக்ட் ஆகல" என்று ஒரு பெண்ணைக் கை காட்டுகிறார்கள். கை காட்டியவர்களே கட்டிப்பிடித்து அழுது இறக்கிவிடுகிறார்கள். பஸ் இன்னும் போளூரில்தான் நிற்கிறது.

இதில் நான் மிகைப்படுத்தியது ஆட்டுக்குட்டியை மட்டும்தான். அப்படி இறக்கிவிடப்பட்ட பெண் நிஜத்தில் சாச்சனா. மேடையில் வரவேற்றவர் விஜய் சேதுபதி. 'மகாராஜா' படத்தில் அவருக்கு மகளாக நடித்த பெண். 24 மணி நேரத்தில் வெளியே. உள்ளே அனுப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க, வெளியே அனுப்ப ஒரு நாள். அந்தப் பிள்ளை பையைத் திறந்து பல்துலக்கியை எடுத்திருக்குமா?

எங்கள் வீட்டில் அம்மா ஒன்பது மணி வரைக்கும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இத்தினி பேரு வந்துட்டாங்களே, பொண்ணு மாப்ள எப்படா வருவாங்க?" நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போனது. அவர், "சாப்பாடாவது போட்டாங்களான்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் சாமை அறுப்புக்கு ஆள் வரச் சொல்லியிருந்தது. அறுப்புக்கு வந்த பெண்கள் நான்கு பேரும் தூங்கி வழிந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் என்னைக் கேட்கவில்லை.

இன்னொரு எரிச்சல். முதல் ஆளாக உள்ளே போனவர் தயாரிப்பாளர் ரவீந்தர். பல சீசன்களாக யூடியூபில் இந்த நிகழ்ச்சியை விமர்சனம் செய்துகொண்டிருந்தவர். விமர்சனம் செய்தால் உள்ளே இடம் தருவார்கள் என்றால் எங்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சையே அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். முதல் சீசனில் ஓவியா வெளியே போன வருஷத்திலிருந்து அந்த பெஞ்சில் விமர்சனம் நடக்கிறது. ஆரவ், ரித்விகா, முகேன், ஆரி, ராஜு, அசீம், அர்ச்சனா என்று முந்தைய ஏழு பட்டத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்கள். மலையிலிருந்து ஒரு ஆளை அனுப்பிப் பாருங்கள். காலையில் எழுப்பப் பாட்டு வேண்டாம், வீட்டில் அடுப்புக்காகச் சண்டை வராது, கேமரா இருப்பதை இரண்டாம் நாளே மறந்துவிடுவோம். டாஸ்க் என்று மூட்டை தூக்கச் சொன்னால், எங்கே இறக்கணும் என்றுதான் கேட்போம். அதனால்தான் கூப்பிட மாட்டேன் என்கிறார்கள் போலிருக்கிறது. நூறு நாள் ஓட்டுவதற்கு நாங்கள் லாயக்கில்லை.

அந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வந்தேன் இல்லையா? மணி எட்டே முக்கால். மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும்.

மலையில் இருக்கிற நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். டிஷ் போய்விட்டால் போனில் பார்க்கலாம், ஓட்டும் போடலாம். ஏரிக்கு மேலே இருக்கிற பாறையில் சிக்னல் நன்றாகவே வருகிறது. ஆனால் பாறையில் ஆறு பேர்தான் உட்கார முடியும். வலது ஓரம் எனக்கு. தயவுசெய்து யாரும் அங்கே துண்டு போட்டு வைக்காதீர்கள்.